உப்புத் தண்ணீரில் பாதாம் சருகு

நாட்டுப் பாதாம் மரத்தின் சருகை மீன் தொட்டியில் போட்டால் தண்ணீரின் பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) தானாகக் குறைந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவது, பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணீரை நம்பி மீன் வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. சருகிலிருந்து கசியும் டானின் எனும் துவர்ப்புப் பொருளும், மட்கும்போது உண்டாகும் ஹியூமிக் அமிலங்களும் வீரியம் குறைந்தவை. தாது உப்புகள் நிறைந்த இந்த உப்புத் தண்ணீரில் மிகுந்திருக்கும் பைகார்பனேட் அவற்றை உடனுக்குடன் சமன்செய்துவிடுகிறது. குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் படியும் தண்ணீரில் சருகு நிறத்தை மாற்றுமே தவிர, பி.எச். அளவை அசைக்காது. கோவையின் சிறுவாணித் தண்ணீரில் தாது உப்புகள் குறைவு என்பதால், அங்கே அதே அளவு சருகு பி.எச்.ஐக் கணிசமாக இறக்கிவிடக்கூடும். ஆகவே சருகைப் போடும் முன் கேஹெச் (தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்) அளவைச் சோதித்துப் பார்ப்பதே முறை.

பி.எச். மாறாவிட்டாலும் சருகு போடத்தான் வேண்டும் என்பேன். ஓரிரு நாள் மிதந்து பின் அடியில் அமரும் சருகின்மேல், ஒரு வாரத்துக்குள் வழவழப்பான வெண்படலம் படர்கிறது. பாக்டீரியாவும் நுண்ணுயிரிகளும் சேர்ந்த அந்தப் படலத்தைப் பலரும் அழுக்கென்று துடைத்தெறிவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் பொடித் தீவனத்தைக்கூட விழுங்க முடியாத மீன்குஞ்சுகளுக்கு அதுவே முதல் உணவு. தொட்டியில் வளர்க்கும் சின்னஞ்சிறு செர்ரி இறால்கள் அதை இடைவிடாமல் சுரண்டித் தின்று, முடிவில் நரம்பு வலையை மட்டுமே மிச்சம் வைக்கின்றன. மேலே மிதக்கும் சருகின் அடியில் ஆண் ஃபைட்டர் (பீட்டா) மீன் நுரைக்கூடு கட்டும். பால் விடாத தேநீர்போல் நிறமேறிய அந்தத் தண்ணீரில், வெளிச்சம் மட்டுப்படுவதால், கூச்சமுள்ள மீன்களும் மறைவை விட்டு வெளியே வருகின்றன.

பச்சை இலையைப் பறித்துப் போடக் கூடாது. சாறு கசிந்து தண்ணீர் கெட்டுவிடும். மரத்திலேயே சிவந்து, தானாக உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்த பாதாம் இலைகளைப் பொறுக்கி, கழுவி, கொதிநீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் போதும். பலா, கொய்யாச் சருகுகளும் வாழைச் சருகும் ஏற்றவையே. உடுமலைப் பக்கம் எளிதில் கிடைக்கும் மல்பெரி இலையை இறால்கள் விரும்பித் தின்னும். ஆனால் எந்த இலையானாலும், மருந்தடிக்கும் பருத்திக்காட்டு, காய்கறித் தோட்டத்து வரப்போரம் பொறுக்கியதை ஒருபோதும் போடாதீர்கள். பூச்சிமருந்தின் சிறு எச்சமே இறால்களைக் கொன்றுவிடும். அரளி நச்சு; வேப்பிலையும் யூகலிப்டஸும் வேண்டவே வேண்டாம்.

நாற்பது லிட்டருக்கு நடுத்தர அளவில் ஒரு சருகு என்று தொடங்கி, நிறத்தைப் பார்த்துக் கூட்டலாம். சருகு மட்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், சித்திரை வெயில் நாட்களில் ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையேல் டானின் முழுவதையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.