இரட்டைக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும்

அமெரிக்காவில் அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் வேலைக்கு விண்ணப்பிக்கும் நண்பர்கள், வெளிநாட்டில் உறவினர் இருந்தாலே பாதுகாப்பு அனுமதி கிடைக்காது என்று அஞ்சுகிறார்கள்; அந்த அச்சம் பெரும்பாலும் மிகையானது. 2017 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள நெறிமுறைகளின்படி, இரட்டைக் குடியுரிமை மட்டுமே ஒருவரைத் தகுதியிழக்கச் செய்வதில்லை. ஆனால் அமெரிக்கக் குடிமகன் நாட்டுக்குள் நுழையும்போதோ வெளியேறும்போதோ வேற்று நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டினால் அது ஐயத்துக்கு இடமளிக்கும்.

உறவுகளைப் பொறுத்தவரை, அவர்கள் எந்த நாட்டில் வாழ்கிறார்கள், அந்த அரசிலோ ராணுவத்திலோ உளவுத்துறையிலோ பணியாற்றுகிறார்களா, அவர்களைக் காட்டி விண்ணப்பதாரரை மிரட்டிப் பணியவைக்க முடியுமா என்பவையே எடைபோடப்படுகின்றன. அன்பு இங்கே குற்றமல்ல, ஆனால் பிறர் கையில் அது ஆயுதமாகலாம் என்பதே விசாரிப்பவர்களின் கவலை. (பாசத்தை அளக்க ஒரு படிவம் இருப்பது எனக்கு இன்னும் விந்தையாகவே இருக்கிறது.) அனுமதி கேட்பவர் நிரப்பித் தரும் எஸ்எஃப்-86 என்ற அந்தப் படிவத்தில், கடந்த ஏழு ஆண்டுகளில் நெருக்கமாகத் தொடர்பில் இருந்த வெளிநாட்டவரைக் குறிப்பிட வேண்டும். உறவு இருப்பதைவிட, அதை மறைப்பதுதான் பெரிய ஆபத்து என்பேன்; தெரிந்தே பொய் சொல்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஐயம் எஞ்சினால் முடிவு தேசப் பாதுகாப்பின் பக்கமே சாயும். அனுமதி எவருக்கும் உரிமையல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே கூறிவிட்டது.