வாடை அடிக்கும் பக்கம்

யாழ்ப்பாணத்தின் வடக்குக் கடற்கரையில் இருக்கும் வல்வெட்டித்துறையில் நான் படிப்பித்தது மூன்று வருஷம்தான். சொந்த ஊர் சாவகச்சேரிப் பக்கம். மாவும் பலாவும் தெரிந்த அளவுக்குக் கடல் தெரியாது. அப்படிப்பட்டவனிடம்தான் அதிபர் அந்த வேலையைத் தந்தார்: ஊரின் கடலோடி வரலாற்றை வைத்துத் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ஒரு புதையல் வேட்டை. மொத்தம் ஐந்து தரிப்பிடங்கள். கடற்கரையில் இருந்த மூன்றாவது என் பொறுப்பு. அங்கே சொல்ல வேண்டிய கதை ‘அன்னபூரணி’.

1930இல் இந்தக் கரையில் வேப்ப மரத்தால் கட்டிய பாய்க்கப்பல் அது. ஏற்கெனவே சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்திருந்த வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். ஓட்டிப் போனவர்கள் இந்த ஊர்க் கடலோடிகள். 1937இல் புறப்பட்டு, சுயஸ் கால்வாய், ஜிப்ரால்ரர், பெர்முடா என்று போய், 1938 ஓகஸ்ட் 1 அன்று மசச்சூசெற்ஸ் கரையில் உள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள். வெளியூரில் வல்வெட்டித்துறை என்றால் கடத்தல் கதைதான் முதலில் வரும். “அது வேண்டாம்” என்று அதிபர் சொல்லிவிட்டார். இந்தக் கதை இருக்கும்போது அது எதற்கு என்று எனக்கும் பட்டது.

முதலில் ஒரு பெரிய மட்டையில் இதையெல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பாடப்புத்தகத்தின் பக்கம் மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டேன். அப்புறம் ஒரு விடுகதை எழுதினேன்: “முற்றத்தில் நிழல் தரும், அம்மனுக்கு இலை தரும், அத்திலாந்திக்கையும் கடக்கும். கொண்டு வா.” தேக்கு என்று அடித்துச் சொன்னவர்கள்தான் அதிகம். ஒரு குழு சரியாகக் கண்டுபிடித்தது, ஆனால் ஒரு வீட்டு வேம்பில் முழுக் கொப்பையே முறித்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே அந்த வீட்டு அம்மாவும் வந்தார். அரை மணி நேரம் போனது அவரைச் சமாதானப்படுத்துவதில்.

கப்பலின் நீளம் 89 அடி. சொன்னால் யாருக்கும் அது உறைப்பதில்லை. ஆகவே கயிறு பிடித்து அளந்து, மணலில் கப்பலின் உருவத்தை வரைந்தேன். என் அளவு நாடா 50 அடிதான், இரண்டு தரம் வைத்து அளக்க வேண்டியிருந்தது. வரைந்து முடித்து நிமிர்ந்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இதற்குள் ஏறியா அமெரிக்கா போனார்கள்? நம் பள்ளிக்கூட மண்டபத்தில் இது அப்படியே அடங்கிவிடும்.

சொதப்பியது அடுத்த குறிப்பில். ஊர் வாசனை வரட்டும் என்று திசைகளுக்குப் பதில் காற்றின் பெயர்களைப் போட்டேன். “வாடை அடிக்கும் பக்கம் இருபது அடி நட” என்று எழுதியிருந்தேன். வாடை வடக்கிலிருந்து வந்து தெற்கே போகும், ஆகவே பிள்ளைகள் தெற்கே வீதிப்பக்கம் நடப்பார்கள் என்பது என் கணக்கு. முதல் குழு நேரே கடலுக்குள் இறங்கியது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “சேர், இன்னும் அஞ்சடி கிடக்கு, போகவோ?” என்று ஒரு பெட்டை கேட்கிறாள்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. “தம்பி, காத்துக்கு வாற பக்கம்தான் பேர். வாடைப் பக்கம் எண்டால் கடல்தான். பிள்ளையள் சரியாத்தான் போகுதுகள்.” பிறகு சோளகம் தெற்கு, கச்சான் மேற்கு, கொண்டல் கிழக்கு என்று விரல் மடக்கிச் சொல்லித் தந்தார். அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. மனப்பாடமாகச் சோதனையில் எழுதியிருக்கிறேன். ஆனால் காற்றை முகத்தில் வாங்கி நின்று பார்த்தவனுக்கு அது வரும் பக்கம்தான் முக்கியம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. “வாடை” என்பதை வெட்டிவிட்டு “சோளகம்” என்று எழுதினேன்.

என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று மட்டும் இடக்கானது. றொபின்சன் கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரைச் சேர்த்து ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று மாற்றியதைச் சொன்னதும் ஒரு பொடியன் எழும்பினான். “அன்னபூரணி எண்டே விட்டிருக்கலாம்தானே சேர்?” வாங்கியவர் பெயர் வைப்பது வழக்கம் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

பின்னேரம் கயிற்றைச் சுருட்டப் போனேன். பக்கத்து வீட்டுச் சின்னன்கள் ஏழெட்டுப் பேர் உருவத்துக்குள் குந்தியிருந்தார்கள். ஒருவன் தண்டையலாம், அதாவது கப்பல் தலைவன், பின்பக்கம் நின்று அதட்டிக்கொண்டிருந்தான். கயிறு வேண்டும் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“கப்பல் வெளிக்கிட்டிட்டுது சேர். நீங்கள் கடலுக்க நிக்கிறியள்.”