தட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பாட்டில்: லண்டனில் ஒரு சாப்பாட்டு நடை

லண்டனுக்கு டிக்கெட் எடுத்ததும் தம்பி போனில் சொன்ன முதல் விஷயம், "அக்கா, ஊறுகாய் மறக்காம எடுத்துட்டு வா, இங்க இவங்க சாப்பாட்டுல ஒண்ணும் இருக்காது" என்பதுதான். ஐந்து வருடமாக அவன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். வீட்டை விட்டு இறங்கினால் முருங்கைக்காய், இடியாப்ப மாவு, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கிற இடம். அதனால் இந்த ஐந்து வருடத்தில் அவன் பிரிட்டிஷ் சாப்பாடு என்று சாப்பிட்டதெல்லாம் ஆபீஸ் கேன்டீனில்தான் என்பது நான் போய் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கேன்டீன் சாம்பாரை வைத்து நம் சமையலை ஒருவர் எடை போட்டால் நாம் ஒத்துக்கொள்வோமா? எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து தேடி, கைடோடு நடந்துபோய்ச் சாப்பிடும் டூர் ஒன்றில் இரண்டு பேருக்கும் இடம் பிடித்தேன். ஆளுக்கு 75 பவுண்டு. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு இரண்டும் அதிலேயே முடிந்துவிடும், அதோடு ஐந்து மணி நேரம் ஊரைத் தெரிந்தவர் ஒருவர் கூடவே வருவார்.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி, லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன் வாசல். மழையும் இல்லை வெயிலும் இல்லை, ஈரக்காற்று மட்டும் காதைப் பிடித்து இழுத்தது. எட்டுப் பேர் இருந்தோம். கைடு அறுபது வயது தாண்டிய அம்மா, அங்கேயே பக்கத்தில் பெர்மண்ட்சியில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய அப்பா தேம்ஸ் கரைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம். நடக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்: எங்கள் சமையல்காரர் பாதி வேலையைத்தான் செய்வார், மீதிப் பாதி மேஜை மேல் இருக்கும், அதை நீங்கள்தான் செய்யவேண்டும், யாரும் உப்பில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். எனக்கு உடனே 'தொட்டுக்கொள்ள' என்ற நம் வார்த்தை ஞாபகம் வந்தது. இட்லியைச் சட்னி இல்லாமல், தயிர் சாதத்தை ஊறுகாய் இல்லாமல் யாராவது சாப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்களா!

முதல் இடம் பரோ மார்க்கெட். ரயில் பாலங்களுக்கு அடியில் பச்சை இரும்புத் தூண்களுக்கு நடுவே இருக்கிற சந்தை. இப்போதைய இடத்துக்கு 1756 இல் வந்தது, ஆனால் இந்த வட்டாரத்தில் சந்தை கூடுவது ஆயிரம் வருடப் பழக்கம் என்று சொல்லி 2014 இல் பிறந்தநாளே கொண்டாடியிருக்கிறார்கள். தலைக்கு மேல் ரயில் போகும்போது பேச்சு நின்று, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அங்கே ஆளுக்கொரு பன்னில் பேக்கன், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு, வைத்துக் கொடுத்தார்கள், கூடவே பழுப்பு நிற சாஸ் பாட்டில் ஒன்று. பாராளுமன்றக் கட்டடம் படம் போட்ட எச்.பி. சாஸ். முதல் கடி சாஸ் இல்லாமல் கடிக்கச் சொன்னார் கைடு. உப்பும் கொழுப்பும் மட்டும். அடுத்த கடி சாஸோடு. நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, எனக்கு மிகவும் பழகிய ருசி, ஆனால் எது என்று பிடிபடவில்லை. பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன்: தக்காளி, மால்ட் வினிகர், வெல்லப்பாகு, பேரீச்சம்பழம், அப்புறம் புளி. நம் புளியேதான்! தம்பி என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி அவனும் ஒரு தடவை படித்தான். நாட்டிங்ஹாமில் மளிகைக் கடை வைத்திருந்த ஃப்ரெடரிக் கார்ட்டன் என்பவர் 1895 இல் பதிவு செய்த பெயர் இது. ஆங்கிலேயர் வீட்டுக் காலைச் சாப்பாட்டு மேஜையில் நூறு வருடத்துக்கு மேலாகப் புளி உட்கார்ந்திருக்கிறது. வூஸ்டர் சாஸிலும் புளி உண்டு, கூடவே நெத்திலியும்.

அடுத்தது ஸ்காட்ச் எக். அவித்த முட்டையைச் சுற்றி மசாலா சேர்த்த பன்றி இறைச்சியை அப்பி, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிப்பது. பிக்கடிலியில் இருக்கும் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை, வண்டியில் தூரப் பயணம் போகிறவர்களுக்காக 1738 இல் நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்கிறது, வட இந்திய நர்கிஸி கோஃப்தாவைப் பார்த்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதைவிட அதோடு வந்த கடுகுதான் முக்கியமாகப் பட்டது. ஆங்கிலக் கடுகு என்றால் மஞ்சள் நிறக் கடுகுத்தூளைப் பச்சைத்தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைப்பது, நாரிச் நகரத்துக் கோல்மன்ஸ் 1814 லிருந்து விற்கிற சரக்கு. தம்பி சாஸ் என்று நினைத்து ஒரு ஸ்பூன் நிறைய எடுத்துவிட்டான், மூக்குக்கு ஏறி உச்சந்தலையில் அடித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரமே இல்லை என்று ஐந்து வருடம் சொன்னவன்! நாமும் தினம் கடுகு தாளிக்கிறோமே, அது ஏன் இப்படி ஏறுவதில்லை? கடுகின் காரம் அதை உடைத்துத் தண்ணீர் பட்ட பிறகுதான் உண்டாகிறது, சூடு பட்டால் அந்தக் காரத்தை உண்டாக்கும் நொதி செத்துவிடும். எண்ணெயில் வெடிக்கிற கடுகில் வாசனை மட்டும் மிஞ்சுகிறது. ஒரே கடுகு, இரண்டு சமையல், இரண்டு வேலை.

பிறகு சீஸ். பார்க் ஸ்ட்ரீட்டில் நீல்ஸ் யார்ட் டெய்ரி என்று ஒரு கடை, உள்ளே போனால் குளிரும் ஈரமுமாக, வண்டிச் சக்கரம் மாதிரி சீஸ் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மெல்லிய துண்டு வெட்டிக் கையில் கொடுக்கிறார்கள். துணி சுற்றி முதிரவைத்த செட்டர் வாயில் போட்டதும் முதலில் உப்பு, அப்புறம் பருப்பு வாசனை, கடைசியில் மண் வாசனை, ஒரு நிமிடம் வரை நிற்கிறது. ஸ்டில்டன் நீல நரம்போடு இருந்தது, என்னால் ஒரு துண்டுக்கு மேல் முடியவில்லை, தம்பி என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டான். (ஸ்டில்டன் என்ற ஊரில் அதைத் தயாரிக்கக் கூடாது என்பது சட்டம். டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் மூன்றில் மட்டும்தான் அனுமதி, ஸ்டில்டன் ஊர் வேறு மாவட்டத்தில் இருக்கிறது.)

இந்த இடத்தில் கைடு சொன்னதுதான் எனக்கு அன்றைய நாளின் மிக முக்கியமான விஷயம். பிரிட்டிஷ் சாப்பாட்டுக்குக் கெட்ட பேர் எப்படி வந்தது? போர். 1940 ஜனவரியில் ரேஷன் தொடங்கியது, கடைசியாக இறைச்சிக்கு ரேஷன் நீங்கியது 1954 ஜூலையில். பதினான்கு வருடம்! சீஸுக்கான பால் ஏறக்குறைய முழுவதும் அரசு சொன்ன ஒரே மாதிரி செட்டருக்குப் போனது, பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சீஸ் வகைகள் நின்றுபோயின, செய்யத் தெரிந்தவர்களும் குறைந்துபோனார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெண்ணெய், முட்டை, சர்க்கரை எல்லாம் அளந்துதான். ஒரு பதினான்கு வருடம் நம் வீடுகளில் எண்ணெயும் புளியும் மிளகாயும் அளந்து கொடுத்திருந்தால் நம் சமையல் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த அம்மா சொல்லும்போது குரல் மாறியது, அவருடைய அம்மா கடைசி வரை டீத்தூளை இரண்டாவது முறை போட்டுத்தான் குடிப்பாராம்.

அங்கிருந்து டவர் பிரிட்ஜ் ரோட்டுக்கு இருபது நிமிட நடை. வழியெல்லாம் பழைய செங்கல் கட்டடங்கள், இப்போது விலை உயர்ந்த குடியிருப்புகள். இதுதான் சார்சன்ஸ் வினிகர் ஆலை இருந்த இடம் என்று காட்டினார். பிரான்ஸ்டன் என்ற ஊரில் 1922 இல் ஆரம்பித்த பிரான்ஸ்டன் ஊறுகாய் சில வருடத்திலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டது, ஹார்ட்லீஸ் ஜாம், பீக் ஃப்ரீன் பிஸ்கட், பியர்ஸ் டஃப் கஸ்டர்ட் பவுடர் எல்லாமே இதே வட்டாரம். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தத் தெரு என்று மூக்கே சொல்லிவிடும் என்றார். நாடு முழுக்க மேஜை மேல் நின்ற பாட்டிலும் டப்பாவும் பாதி இங்கிருந்துதான் போயிருக்கிறது. இப்போது அந்தத் தெருக்களில் ஈரச் செங்கல் வாசனைதான்.

எம். மான்சே கடை வந்தது. இத்தாலியிலிருந்து சின்னப் பையனாக வந்த மிக்கேலே மான்சே 1902 இல் தன் மாமனார் குடும்பத்திடமிருந்து எடுத்து நடத்திய கடை, பச்சையும் வெள்ளையுமான ஓடு பதித்த சுவர், பளிங்கு மேஜை, கோயில் திண்ணை மாதிரி ஒடுங்கிய மரப் பெஞ்சு. இங்கே கிடைப்பது பை, மேஷ், லிக்கர், விலாங்கு, அவ்வளவுதான். லிக்கர் என்றதும் தம்பி நிமிர்ந்தான், அது சாராயம் கிடையாது, பார்ஸ்லி இலை போட்ட பச்சைக் குழம்பு, அந்தக் காலத்தில் விலாங்கு வேகவைத்த தண்ணீரிலேயே செய்வார்கள். பை என்பது கொத்திய மாட்டு இறைச்சியை மாவில் பொதிந்து சுட்டது. மேஷ் என்கிற உருளைக்கிழங்கு மசியலைக் கரண்டியில் அள்ளி வைப்பதில்லை, பட்டைக் கத்தியால் தட்டின் ஓரத்தில் சிமெண்ட் பூசுகிற மாதிரி இழுத்து விடுகிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நாங்கள் பையை மேலிருந்து குத்துவதைப் பார்த்துவிட்டுத் தன் முள்கரண்டியை நீட்டி, கவிழ்த்துப் போடு என்று சைகை காட்டினார். கவிழ்த்தேன். அடிப்பக்கம் மெத்தென்று இருந்தது. அதில் நாலைந்து ஓட்டை போட்டு, மேஜையில் இருந்த மிளகாய் போட்ட வினிகரைச் சாய்க்கச் சொன்னார். பாட்டில் அடியில் மிளகாய்கள் நிறம் வெளுத்துக் கிடந்தன. வினிகர் ஓட்டைக்குள் இறங்கியதும் உள்ளே இருந்த சூட்டில் ஆவியாகி நேராக மூக்குக்கு வந்தது, தும்மல் வருகிற மாதிரி ஆகி நின்றது, வாயில் எச்சில் ஊறிவிட்டது. கத்தி கிடையாது, ஸ்பூனும் முள்கரண்டியும்தான். மாவு, இறைச்சி, மசியல், பச்சைக் குழம்பு எல்லாவற்றையும் ஒரே வாயில் சேர்த்து எடுத்தபோது, பிசைந்து சாப்பிடுகிற நமக்கு அது ஒன்றும் அந்நியமாக இல்லை. தம்பி பேசவே இல்லை. தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு பை வாங்கப் போய் வரிசையில் நின்றான்.

விலாங்கை ஒரு கிண்ணம் மட்டும் வாங்கி எல்லோரும் பகிர்ந்தோம். ஜெல்லி என்று தனியாக எதுவும் சேர்ப்பதில்லை, துண்டு போட்டு வேகவைத்து ஆறவிட்டால் மீனிலிருந்து வரும் பசையே உறைந்துவிடுகிறது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நாம் சொல்கிற அதே விலாங்கு. வெறுமனே சாப்பிட்டால் குளிர்ந்த, மெல்லிய உப்பு ருசி, எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளை மிளகுத்தூளும் மிளகாய் வினிகரும் சேர்த்ததும் வேறு சாப்பாடாகிவிட்டது, சதை வெண்ணெய் மாதிரி, நடுமுள்ளை நாக்கால் ஒதுக்கிவிட்டால் போதும். தேம்ஸில் சல்லிசாகக் கிடைத்ததால் ஏழைகள் சாப்பிட்டது இது. 1957 இல் அந்த ஆறே உயிரற்றுப் போனதாக அறிவித்தார்கள், பிறகு சுத்தம் செய்து மீன்கள் திரும்பின, ஆனால் ஐரோப்பிய விலாங்கு இனமே இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதனால் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்குச் சரியாகவே பட்டது.

மீனும் சிப்ஸும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து வந்த யூதர்கள் கொண்டுவந்த பொரித்த மீன், பிறகு 1860 வாக்கில் சிப்ஸோடு ஜோடி சேர்ந்தது, போரின்போதும் ரேஷனில் அடங்காத சாப்பாடு. முதலில் வினிகர், அப்புறம் உப்பு, அப்போதுதான் உப்பு ஒட்டும் என்பது கைடு அம்மாவின் கட்சி. மாவு மொறுமொறுப்பு போவதற்குள் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

கடைசியாக ஜார்ஜ் இன். 1676 இல் வந்த தீ விபத்துக்குப் பிறகு மறு வருடமே கட்டிய விடுதி, குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றத்தைப் பார்த்தபடி மர மாடங்கள். லண்டனில் இந்த மாதிரி மாடம் வைத்தது இது ஒன்றுதான் மிச்சம். தரை சரிந்து கிடக்கிறது, மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைத்திருந்தார்கள். ஸ்டிக்கி டாஃபி புட்டிங் வந்தது, பேரீச்சம்பழம் போட்டு வேகவைத்த கேக் மேல் சூடான டாஃபி பாகு, கூடவே சின்ன ஜாடியில் கஸ்டர்ட். நம் வீடுகளில் பழத்தோடு போடுகிற கஸ்டர்ட் பவுடர் இங்கிருந்து வந்ததுதான். பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் 1837 இல், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதால் சோள மாவில் முட்டையில்லாத கஸ்டர்ட் செய்தார். எவ்வளவு அன்பான காரணம் என்று எனக்குத் தோன்றியது. ஜாடியைத் தம்பியும் நானும் மாற்றி மாற்றிச் சாய்த்தோம், குளிரில் நடந்த காலுக்கு அந்தச் சூடு போய்ச் சேர்ந்தது.

ஊருக்குக் கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி, ஈஸ்ட் ஹாம் கடையில் பச்சை மிளகாய் வாங்கி, நீளவாக்கில் கீறி, ஒரு மால்ட் வினிகர் பாட்டிலில் போட்டு அவன் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் அப்படியே ஊறட்டும் என்று சொல்லியிருந்தேன். பத்தாம் நாள் போன் வந்தது. "பாட்டில் காலியாயிடுச்சுக்கா, எத்தனை மிளகாய் போட்ட?" என்று கேட்டான், பின்னால் ஏதோ எண்ணெயில் பொரிகிற சத்தம்.