வயிற்றில் பட்ட நாவல்

குடிமையியல் பாடம் எடுக்கத் தொடங்கிய முதல் சில வருடங்கள் நான் பாடப்புத்தகத்தை மட்டும்தான் நம்பினேன். வாக்குரிமை, அதிகாரப் பிரிவினை, அடிப்படை உரிமைகள் எல்லாவற்றையும் பிள்ளைகள் அட்சரம் பிசகாமல் எழுதினார்கள். "கருத்துச் சுதந்திரம் யாருக்கு?" என்று கேட்டால் "எல்லோருக்கும்" என்று ஒரே குரலில் சொல்வார்கள், அடுத்த நிமிடமே தங்களுக்குப் பிடிக்காததைச் சொன்ன பையனை வாய் திறக்கவிடாமல் கத்துவார்கள்.

அப்புறம்தான் வகுப்புக்குள் கதைகளைக் கொண்டுவந்தேன். முதலில் எடுத்தது அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் எழுதி 1906-இல் புத்தகமாக வந்த 'தி ஜங்கிள்' நாவல். சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பல வாரங்கள் நேரில் பார்த்துவிட்டு, லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பத்தை அந்த வேலை எப்படி உருக்குலைக்கிறது என்று எழுதியிருப்பார். அவர் காட்ட நினைத்தது தொழிலாளியை, வாசகர்கள் கவலைப்பட்டதோ தங்கள் தட்டில் இருக்கும் இறைச்சியைப் பற்றி. அதே ஆண்டு ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைக்கு ஒன்று, உணவு மருந்துக் கலப்படத்துக்கு ஒன்று என இரண்டு சட்டங்கள் கையெழுத்தாயின. தொழிலாளியின் கூலி பற்றியோ வேலை நேரம் பற்றியோ அவற்றில் ஒன்றும் இல்லை. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தவறிப்போய் வயிற்றில் பட்டுவிட்டது என்று சிங்க்ளேரே சொன்னார்.

ஒரு நாவலுக்கு எவ்வளவு பலம் பாருங்கள் என்று சொல்லி முடிக்கத்தான் நான் தயாராகப் போயிருந்தேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சட்டம் வந்தது சரி சார், அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நான் பாடம் நடத்தும் விதம் மாறியது அந்தக் கேள்வியால்தான்.

கதை படித்தாலே நல்ல குடிமக்கள் ஆகிவிடுவோம் என்று நான் நம்பவில்லை. தாமஸ் டிக்ஸன் 1905-இல் எழுதிய 'தி கிளான்ஸ்மன்' அமெரிக்காவில் கறுப்பின மக்களைத் தாக்கிய கு கிளக்ஸ் கிளான் என்ற முகமூடி போட்ட வன்முறைக் கும்பலை வீரர்களாகக் காட்டிய நாவல். அதைத் தழுவி 1915-இல் படம் வந்தது, கலைந்துபோயிருந்த கு கிளக்ஸ் கிளான் அதே ஆண்டு மறுபடி தொடங்கப்பட்டது. அதைப் படித்தவர்களும் மனம் உருகித்தான் படித்திருப்பார்கள்.

அதனால் இப்போது எந்தக் கதையை எடுத்தாலும், இதில் யாருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை என்று தேடி அவர் குரலில் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். போன முறை ஒரு பையன், வகுப்பே வெறுத்த மேஸ்திரியின் குரலில் எழுதினான், ஆட்களை விரட்டாவிட்டால் மறுநாள் தன் வேலையே போய்விடும் என்ற பயத்தோடு. பலருக்கும் கோபம், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவன் கடைசி வரியைப் படித்து முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கிடவில்லை. அதற்கப்புறம்தான் கைகள் உயர்ந்தன.