வெளிமூச்சில் தொடங்கும் யோகம்

யோகப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆசனத்துக்காகவோ தியானத்துக்காகவோதான் வருகிறார்கள். முதுகுவலி தீர வேண்டும் என்பவர் ஆசனத்தைக் கேட்கிறார். மனம் அடங்க வேண்டும் என்பவர் நேராகத் தியானத்தைக் கேட்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுப் பயிற்சியான பிராணாயாமமோ, ஆசன வகுப்பின் கடைசி நிமிடங்களில் அவசரமாக முடிக்கப்படும் சடங்காகவோ, எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடிகிறது என்று கணக்குப் பார்க்கும் போட்டியாகவோ சுருங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் பழகியும், பிறர் பழகுவதைக் கவனித்தும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பிராணாயாமத்தின் பெரும்பகுதி வேலை மூச்சை வெளியே விடக் கற்பதில்தான் இருக்கிறது. அது கைவந்தவருக்கு, மூச்சைத் தாங்கி நிறுத்தும் கும்பகமும் தியானமும் பெரும்பாலும் தாமாகவே நெருங்கி வருகின்றன. கைவராதவர் எத்தனை ஆசனம் செய்தாலும் கண்ணை மூடி உட்கார்ந்தவுடன் தடுமாறுகிறார்.

இந்தக் கருத்துக்கு ஆதாரம் பதஞ்சலியின் யோக சூத்திரத்திலேயே இருக்கிறது. நான்கு பாதங்களில் இருநூறுக்கும் குறைவான சூத்திரங்களே கொண்ட அந்த நூலில் ஆசனத்துக்கு ஒதுக்கப்பட்டவை மூன்று. அடுத்து வரும் பிராணாயாமத்துக்கு ஐந்து. ஆனால் யோகத்தின் எட்டு உறுப்புகளைப் பற்றிய அந்தப் பகுதிக்கு வெகு முன்பே, முதல் பாதமான சமாதி பாதத்தின் 34-வது சூத்திரத்தில் மூச்சு ஒருமுறை வந்து போகிறது. மனத்தைத் தெளிவாக்கும் வழிகளைச் சொல்லிவரும் அந்த இடத்தில், மூச்சை வெளிவிடுதல், பின் தாங்கி நிறுத்துதல் என்னும் இரண்டை மட்டுமே அவர் சொல்கிறார். உள்ளிழுத்தலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. ஓர் எழுத்தைக்கூட வீணாக்காத நூலில் இந்த விடுபடல் தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குச் சற்று முன்னால், 30-வது சூத்திரத்தில் நோய், மந்தம், ஐயம், சோம்பல் உள்ளிட்ட ஒன்பது தடைகளை அடுக்கிவிட்டு, 31-வதில் அவற்றோடு கூடவே வரும் அறிகுறிகளாகத் துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகிய நான்கையும் சொல்கிறார். மனம் சிதறியிருப்பதை வெளியிலிருந்து கண்டுகொள்ள உதவும் குறி மூச்சு என்பதும், அதைச் சீராக்குவதன் வழியாகவே மனத்தைத் தொட முடியும் என்பதும் இந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. காற்று அசைந்தால் சித்தமும் அசையும் என்று 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் ஹடயோகப் பிரதீபிகை என்னும் யோக நூலில் எழுதியதும் இதையேதான்.

உடலின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வெளிமூச்சுக்குத் தனி இடம் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும், விடும்போது சற்று மெதுவாவதும் உடலின் இயல்பு. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல் உள்மூச்சின்போது குறைந்து, வெளிமூச்சின்போது மீள்வதே இதற்கு முக்கியக் காரணம். மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டால், மருத்துவ அறிவு எதுவும் இல்லாமலேயே பலரால் இந்த வேறுபாட்டை உணர முடியும். மேலும், அமைதியாக இருக்கும் நேரத்தில் மூச்சை விடுவதற்குத் தசைகள் உழைக்க வேண்டியதில்லை. உள்மூச்சில் கீழிறங்கிய உதரவிதானம் தளர்ந்து மேலேறுகிறது, விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்குகிறது, காற்று வெளியேறிவிடுகிறது. ஆகவே மூச்சை நீட்டி விடுவது என்பது வயிற்றை இறுக்கிக் காற்றைத் தள்ளுவது ஆகாது. இழுத்த தசைகளை ஒரேயடியாகக் கைவிடாமல், சிறிது சிறிதாகத் தளரவிடுவதே அது. இந்த ஒரு நுட்பம் பிடிபட்டவுடன் பலருக்குத் தோளும் தாடையும் தாமாக இளகுவதைக் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் விலக்கிவைக்க வேண்டும். ஆழ்ந்து மூச்சு விட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெருகும், அதனால்தான் பிராணாயாமம் நன்மை தருகிறது என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. நலமாக இருப்பவரின் தமனி ரத்தம் சாதாரண மூச்சிலேயே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் நிறைந்துதான் ஓடுகிறது; அதில் கூடுதலாகச் சேர்க்க அதிக இடமில்லை. மூச்சு முட்டும் உணர்வை எழுப்புவதும் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவன்று, கரியமில வாயு சேர்வதே ஆகும். வேகவேகமாக மூச்சு விடும்போது அந்த வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. இதை ஆன்மிக அனுபவம் என்று எண்ணி மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உடல் தரும் எச்சரிக்கை என்றே நான் கொள்வேன்.

மெதுவான மூச்சின் பயன் வேறு கணக்கில் இருக்கிறது. ஒருவர் ஒரு முறைக்கு 250 மில்லிலிட்டர் வீதம் நிமிடத்துக்கு 24 முறை மூச்சு விட்டாலும், 1,000 மில்லிலிட்டர் வீதம் 6 முறை விட்டாலும், நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்று 6 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் காற்று மூச்சுக் குழாய்களிலேயே தங்கிவிடுகிறது. வாயுப் பரிமாற்றம் நடக்கும் நுண்ணறைகளை அது எட்டுவதில்லை. அதைக் கழித்துப் பார்த்தால் முதலாமவருக்குப் பயன்படுவது 2.4 லிட்டர், இரண்டாமவருக்கு 5.1 லிட்டர். அதாவது மெதுவாக விடுகிறவருக்கு அதே காற்று குறைந்த அலைச்சலில் போதுமானதாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று நம் மரபில் சொல்லப்படுவதை நிமிடக் கணக்கில் வகுத்தால் 15 வரும். ஓய்விலிருக்கும் பெரியவர்களுக்கு இன்றைய மருத்துவம் சொல்லும் 12 முதல் 20 வரையிலான எல்லைக்குள்தான் அது அமைகிறது. வெளியேறும் மூச்சு பன்னிரண்டு அங்குலம், திரும்பி வருவது எட்டு, வீணாவது நான்கு என்று சித்தர் மரபு போட்ட கணக்கை நான் அளவையாகக் கொள்வதில்லை. இருந்தாலும் அவர்களுடைய கவலை முழுவதும் வெளியே போகும் மூச்சைப் பற்றியதாகவே இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பழகும் முறை எளிது, பொறுமைதான் அரிது. தரையிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து, தோள்கள் தளர்ந்து இருக்க உட்கார வேண்டும். ஆசனம் என்பது அசைவற்றதாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்ற சூத்திரத்துக்கு அதற்குமேல் பொருள் தேடத் தேவையில்லை; பத்மாசனம் வராததால் யாருடைய யோகமும் நின்றுபோவதில்லை. முதலில் சில மூச்சுகளை எந்த மாற்றமும் செய்யாமல் கவனித்துவிட்டு, பிறகு மூக்கு வழியாகவே நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடலாம். ஆறு சுலபமானபின் எட்டு. எண்ணிக்கையைக் கூட்டலாமா என்பதற்கு நம்பத்தக்க சோதனை ஒன்று இருக்கிறது. வெளிமூச்சு முடிந்தபின் வரும் அடுத்த உள்மூச்சைப் பார்க்க வேண்டும். அது தாகத்தோடு பாய்ந்து வந்தால், முந்தைய வெளிமூச்சு அளவுக்கு மீறி நீண்டுவிட்டது என்று பொருள். உடனே ஓர் எண் குறைத்துக்கொள்ள வேண்டும். உள்மூச்சு அவசரமில்லாமல் வந்தால் அளவு சரி. பிராமரி என்னும் மூச்சுப் பயிற்சியில் வண்டின் ரீங்காரம்போல் ஒலியெழுப்பிக்கொண்டே மூச்சை விடும்போது இதைக் காதாலும் கேட்க முடியும். வெளிமூச்சு எங்கே நடுங்குகிறதோ அங்கே ஒலியும் நடுங்கும். ஆசனங்களிலும் இதே நோக்கைக் கொண்டுவந்தவர் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). உடல் விரியும் அசைவில் உள்மூச்சும், முன்குனிந்து மடங்கும் அசைவில் வெளிமூச்சும் சேர வேண்டும் என்ற ஒழுங்கை அவர் வலியுறுத்தினார். அப்படிச் செய்யும் ஆசனம் ஏற்கெனவே பாதிப் பிராணாயாமம்.

கும்பகத்தைப் பற்றிப் பலருக்கும் ஆவல் அதிகம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கும் திருமூலர், இடப்பக்கம் பூரகம் (உள்ளிழுத்தல்) பதினாறு, கும்பகம் அறுபத்து நான்கு, ரேசகம் (வெளிவிடுதல்) முப்பத்திரண்டு என்று மாத்திரை என்னும் கால அளவில் கணக்குத் தருகிறார். படிப்பவர் கண்ணில் முதலில் படுவது நடுவிலுள்ள அறுபத்து நான்குதான். அதைச் சாதித்துவிட வேண்டும் என்று முகம் சிவக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில் ரேசகம் பூரகத்தைப் போல் இரு மடங்கு என்பதைத் தொடக்கக்காரர் எடுத்துக்கொண்டு, அறுபத்து நான்கைத் தேர்ந்த ஆசிரியரின் முன்னிலைக்கு ஒதுக்கிவைப்பதே நல்லது. சிங்கம், யானை, புலி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குவதுபோல் மூச்சையும் பழக்க வேண்டும், இல்லையேல் அது பழகுகிறவனையே அழிக்கும் என்று சுவாத்மாராமரும் எச்சரிக்கிறார். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மூச்சடக்கலையும் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான முறைகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மூச்சு நீளமாகவும் நுட்பமாகவும் ஆக வேண்டும் என்றே பதஞ்சலி சொல்கிறார். நன்றாக நீண்ட ஒரு வெளிமூச்சின் முடிவில், யாரும் நிறுத்தாமலேயே ஒரு கணம் மூச்சு நிற்கும். அடக்கிய கும்பகம் தராத தெளிவை அந்த ஒரு கணம் தருவதாகவே என் அனுபவம் இருக்கிறது.

அந்த இடத்திலிருந்துதான் தியானத்தைப் பற்றிப் பேச முடியும். பிராணாயாமத்தால் மனம் தாரணைக்குத் தகுதி பெறுகிறது என்பது இரண்டாம் பாதமான சாதன பாதத்தின் 53-வது சூத்திரம். சித்தத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. அங்கே எண்ணம் அறுபடாமல் ஒரே சீராக ஓடுவது தியானம். இந்த இரண்டு இலக்கணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உட்கார்ந்து நாம் முயன்று செய்யக்கூடியது தாரணை மட்டுமே என்பது விளங்கும்; தியானம் அதன் விளைவாக நிகழ்வது. ‘எனக்குத் தியானம் வரவில்லை, எண்ணங்கள் வந்துகொண்டே இருக்கின்றன’ என்று வருந்துகிறவர், விளைவைச் செயலாக எண்ணிக்கொண்டு தம்மையே கடிந்துகொள்கிறார். எண்ணம் விலகிப்போனதை அறிவதும், மூச்சுக்குத் திரும்புவதும், மறுபடி விலகுவதும்தான் அன்றாடப் பயிற்சி. இதில் வெளிமூச்சு மறுபடியும் உதவுகிறது. விலகியதை உணர்ந்த கணத்தில், அடுத்து வரும் வெளிமூச்சோடு திரும்புவது என்று வைத்துக்கொண்டால், திரும்புதலில் பதற்றமோ தன்னைக் கடிதலோ கலப்பதில்லை. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி உறுதிப்படும் என்று பதஞ்சலி மூன்று நிபந்தனைகள் வைக்கிறார். நீண்ட காலத்தையும் இடைவிடாமையையும் சொல்கிறவர்கள், கடைசியில் இருக்கும் மதிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மூச்சு ஒன்றே வழி என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். வெளிவிடுதலைச் சொல்லும் அந்த 34-வது சூத்திரத்திலேயே ‘அல்லது’ என்னும் பொருள் தரும் சொல் இருக்கிறது. அதற்கு முந்தைய சூத்திரம், இன்பமாயிருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்வினையாளரைக் கண்டு மகிழ்ச்சி, தீவினையாளரிடம் விலகிய நடுநிலை என்று மனம் தெளிய நான்கு மனநிலைகளைச் சொல்கிறது. திருமூலரும் இயமம் என்னும் ஒழுக்க நெறியில் நிற்பவனைக் கொல்லாதவன், பொய் கூறாதவன், களவற்றவன் என்று சொல்லிவருகையில் பகுத்துண்பவன் என்பதையும் சேர்க்கிறார். பகலெல்லாம் ஒருவரிடம் பொறாமையோடு இருந்துவிட்டு மாலையில் உட்கார்ந்தால், எட்டு எண்ணி விட வேண்டிய மூச்சு நான்கிலேயே தீர்ந்துபோவதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே படபடப்பு கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதைத் தம் குறையாகக் கருதி வலிந்து தொடர வேண்டியதில்லை. விரும்பிய எதையும் தியானப் பொருளாகக் கொள்ளலாம் என்று 39-வது சூத்திரம் இடம் கொடுக்கிறது. பிடித்த ஒரு மந்திரத்தையோ பெயரையோ மெல்லிய குரலில் சொல்லிவந்தால் போதும். ஓசை எழும்போதெல்லாம் வெளிமூச்சு தானாகவே நீளும், அதை எண்ண வேண்டிய வேலையும் அவர்களுக்கு இராது.