மெட்ராஸில் விழுந்த ஒரு சொல்

போன வாரம் பரணை ஒழித்தபோது என் பழைய சி.டி.சி. புத்தகங்கள் மூன்றும் கிடைத்தன. கப்பல்காரனுக்கு அதுதான் ஜாதகம். எந்தக் கப்பலில் என்றைக்கு ஏறினான், எங்கே இறங்கினான் எல்லாம் முத்திரையோடு இருக்கும். ஒன்றில் கடல் தண்ணீர் பட்டு மை இறங்கிக் கிடந்தது. "ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு, இனி இது எதுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. நான் பதிலுக்கு ஜோசப் கான்ராடைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியிலேயே அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கான்ராட் போலந்துக்காரர். நாவலாசிரியர் ஆவதற்கு முன் இருபது வருஷம் கடலில் கழித்தவர். 1884 ஏப்ரலில் 'ரிவர்ஸ்டேல்' என்ற பாய்க்கப்பலில் செகண்ட் மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரிகளில் இரண்டாமவராக, மெட்ராஸுக்கு வந்தார். 1881 புயலில் நம் துறைமுகம் உடைந்துபோயிருந்த காலம் அது. கேப்டனுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரை அழைத்துவர இவரைக் கரைக்கு அனுப்பினார்கள். போனவர் சும்மா இருக்காமல், கேப்டனுக்குக் குடிதான் வியாதி என்கிற மாதிரி டாக்டரிடம் சொல்லிவைத்தார். அது கேப்டன் காதுக்கு எட்டியது. அவ்வளவுதான், இறக்கிவிட்டார்கள்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு கப்பலிலிருந்து இறங்கும்போதும் தனித்தனியாக ஒரு டிஸ்சார்ஜ் தாள் தருவார்கள். திறமைக்கு ஒரு கட்டம், நடத்தைக்கு ஒரு கட்டம். மெட்ராஸ் தாளில் திறமைக்கு 'வெரி குட்' போட்டிருக்கிறது. நடத்தைக்கு 'டிக்ளைன்'. அதாவது, சொல்ல விருப்பமில்லை. திட்டி எழுதியிருந்தால்கூடப் பதில் சொல்லலாம். இதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்த கப்பலின் கேப்டன் அந்தத் தாளை எடுத்து நிமிர்ந்து பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். எனக்கும் ஒருவர் அப்படி எழுதுவேன் என்று மிரட்டியிருக்கிறார். கான்ராட் ரயிலேறி பம்பாய் போய் 'நார்சிஸஸ்' கப்பலைப் பிடித்தார். ரிவர்ஸ்டேல் மசூலிப்பட்டினம் பக்கம் தரைதட்டியது. விசாரணையில் அந்தக் கேப்டனின் லைசென்ஸே நிறுத்திவைக்கப்பட்டது. கான்ராடோ 1886இல் கேப்டனாவதற்கான மாஸ்டர் டிக்கெட்டே வாங்கிவிட்டார்.

முதல் நாவலான 'ஆல்மேயர்ஸ் ஃபாலி' 1889இல் லண்டனில் ஆரம்பித்தது. அச்சாகும்வரை, ஆறு வருஷம், அந்தக் கையெழுத்துக் கட்டும் அவரோடு கப்பல் கப்பலாக அலைந்தது. காங்கோவுக்குப் போய்வந்தது. பெர்லின் ரயில் நிலையத்தில் காலைப் பலகாரம் சாப்பிட்ட அவசரத்தில் கிட்டத்தட்டத் தொலைந்தே போனது. 'டாரன்ஸ்' கப்பலில் கேம்பிரிட்ஜில் படித்த ஒரு நோயாளிப் பயணியிடம் படிக்கக் கொடுத்து, இதை எழுதி முடிக்கலாமா என்று கேட்டாராம். கட்டாயம் என்றாராம் அவர். இப்போது அது பிலடெல்பியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லாத் தாளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1902 ஜூனில் மேஜை விளக்கு வெடித்து, பத்திரிகைக்கு அனுப்பவிருந்த கதை ஒன்றின் ஒரு பகுதி கருகியது. உட்கார்ந்து திரும்ப எழுதினார். 'கராய்ன்' கதையின் கையெழுத்துப் பிரதியை நியூயார்க் வக்கீல் ஜான் க்வின்னுக்குக் கப்பலில் அனுப்பினார். கப்பல், டைட்டானிக்.

இந்த க்வின் 1911இலிருந்து கான்ராடின் பிரதிகளை வாங்கிச் சேர்த்தவர். மொத்தம் சுமார் 10,000 டாலர் கொடுத்திருப்பார். 1923 நவம்பரில் ஏலம் விட்டபோது 1,10,000 டாலருக்கு மேல் போனது. எழுதியவருக்கு அதில் சல்லிக்காசு இல்லை. மறு வருஷம் ஆகஸ்டில் கான்ராட் இறந்துபோனார். க்வின் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை, அவர் காசு கொடுத்தபோது வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆனாலும் மனசுக்கு என்னவோ போல இருக்கிறது.

எனக்கு நேரில் பார்க்க ஆசையுள்ள பொருள் ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கிறது. கான்ராடின் அம்மாவைப் பெற்ற பாட்டியின் தோல் அட்டை ஆல்பம். முன்பக்கங்களில் பாட்டி கையால் எழுதிவைத்த போலந்துக் கவிதைகள். மிச்சமிருந்த வெற்றுத் தாள்களில் பேரன் ஆங்கிலத்தில் 'துவான் ஜிம்' என்று தலைப்பிட்டு ஒரு கதையைத் தொடங்கியிருக்கிறார். பின்னால் அதுதான் 'லார்ட் ஜிம்' ஆனது. கப்பலைக் கைவிட்டுக் குதித்து, சர்டிபிகேட்டைப் பறிகொடுத்த ஒரு மேட்டின் கதை. வீட்டில் வேறு தாளே இல்லையா என்று நினைத்தேன். அப்புறம், எங்கள் அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டில் நான் கப்பல் படம் போட்டு அடி வாங்கியது ஞாபகம் வந்தது.

சி.டி.சி. மூன்றையும் மொட்டை மாடியில் காயவைத்திருக்கிறேன். மை இறங்கிய பக்கத்தை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து மட்டும் 'கே' மாதிரி தெரிகிறது. கண்ட்லாவா, கோபேயா என்றுதான் பிடிபடவில்லை.