உருகாத ஐஸ்

அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறது. ஐஸ் ரம்பம் பட்டது. கல்யாணம் ஆகும் வரை அவர் சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட்டில் ஐஸ் அறுத்தார். 1982ல் இடம் மாறுவதற்கு முந்தைய பழைய மார்க்கெட் அது. விடிவதற்கு முன்பே லாரி வந்துவிடும். கோணிச் சாக்கை விரித்து, மரத்தூள் ஒட்டிய கட்டியைக் கொக்கியால் இழுத்துப் போட்டு, மீன்கடைகளுக்குப் பாதி, கால் என்று அறுத்துக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் கட்டி கரையும், கரைந்ததற்குக் காசு கிடையாது.

போன வருடம் அவருக்கு 75 முடிந்தது. எங்கே கூட்டிப் போகட்டும் என்று கேட்டேன். காசி, ராமேஸ்வரம் என்பார் என்று நினைத்திருந்தேன். "ஐஸ்ல சிலை செய்றாங்களாமே, அத பாக்கணும்மா" என்றார்.

சீனப் புத்தாண்டு விடுமுறையோடு சில நாள் விடுப்புச் சேர்த்து ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்காய்டோ போனோம். அங்கே சப்போரோ நகரின் பனித் திருவிழாதான் எல்லாருக்கும் தெரிந்தது. 1950ல் பள்ளி மாணவர்கள் ஓடோரி பூங்காவில் செய்து வைத்த ஆறு சிலைகளில் தொடங்கி இவ்வளவு பெரிதாகியிருக்கிறது. அப்பா அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பூப்பனி. நான் கேட்டது கட்டி" என்றார். தமிழில் நாம் இரண்டையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம், அவருக்கு அது ஒப்பவில்லை. மறுநாள் அசாஹிகாவாவுக்கு ரயில் ஏறினோம். அங்கே நடக்கும் குளிர்காலத் திருவிழாவில் ஐஸ் சிற்பிகளுக்கென்றே உலகப் போட்டி உண்டு.

லைலாக் என்று பெயர் கொண்ட விரைவு ரயில். சுமார் 137 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பெட்டிக்கு வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று. நிலையத்தில் வெளிக்கதவு திறக்கும்போது குளிர் உள்ளே வராமலிருக்க அந்த ஏற்பாடு. நம் எம்.ஆர்.டி. ரயிலில் குளிரை உள்ளே வைத்துக்கொள்ளப் படுகிற பாட்டை இவர்கள் வெளியே நிறுத்தப் படுகிறார்கள். இவாமிசாவா தாண்டியதும் வேலி, வயல் எல்லாம் வெள்ளைக்கு அடியில் போய்விட்டது. வீட்டுக் கூரைகளில் ஆள் படுக்கிற மெத்தை அளவுக்குப் பனி. தக்கிக்காவா, ஃபுக்காகாவா, பிறகு சில சுரங்கப்பாதைகள். அப்பா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. தெர்மாஸில் இருந்து ஊற்றிய இஞ்சி டீ அவர் கையில் ஆறிப்போயிருந்தது.

அசாஹிகாவா ஜப்பானின் குளிர் ஊர்களில் பெயர்போனது. 1902 ஜனவரி 25ல் அங்கே மைனஸ் 41 டிகிரி பதிவானது, அந்த நாட்டின் அதிகாரப்பூர்வப் பதிவில் இன்றுவரை அதுதான் ஆகக் குறைவு. நாங்கள் இறங்கியபோது மைனஸ் 9. அதற்கே என் மூக்குக்குள் ஈரம் உறைவது தெரிந்தது.

நிலையத்துக்கு எதிரே நேராகப் போகிற கடைத்தெருவில்தான் ஐஸ் சிலைகள். 1972லிருந்து அந்தத் தெருவில் வண்டி கிடையாது, நடப்பவர்களுக்கு மட்டும். வரிசையாக மீன், கழுகு, அலை, கூந்தல் விரிந்த ஒரு பெண். நான் உருவங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்பா கழுகின் முன் நின்றுவிட்டார். குனிந்து அதன் பீடத்தின் வழியாக மறுபக்கம் நின்ற என்னைப் பார்த்தார்.

"நடுவுல வெள்ளையே இல்ல பாரு."

அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. ஐஸ் ஆலையில் தகர டின்னில் தண்ணீர் ஊற்றி, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். ஓரத்திலிருந்து உறைந்து வரும். தண்ணீரிலுள்ள காற்றும் உப்பும் ஒதுங்கி ஒதுங்கி நடுவில் போய் மாட்டிக்கொள்ளும், அதுதான் அந்த வெள்ளை. "அவசரமா உறைய வச்சா வெள்ளை நிறைய வரும். அதுல ரம்பம் விட்டா பொறுபொறுன்னு உதிரும். மீனுக்கு அது போதும். இதுல இறகு செதுக்கணும்ல?" ஜப்பானில் 135 கிலோ கட்டியை இரண்டு நாளுக்கு மேல் எடுத்து மெதுவாக உறைய வைக்கிறார்கள். தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருப்பதால் குமிழ் ஒட்டாது, நடுவில் மிஞ்சுகிற கலங்கல் தண்ணீரை உறிஞ்சிவிட்டு நல்ல தண்ணீர் விடுவார்கள். அதனால்தான் கண்ணாடி போல இருக்கிறது.

இரண்டு சிலை தள்ளி ஒருவர் உடைந்த இறகு நுனியைச் சரி செய்துகொண்டிருந்தார். துண்டின் முனையில் தண்ணீர் தொட்டு, உடைந்த இடத்தில் வைத்துப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்தார், நுனி அங்கேயே நின்றது. பிறகு ஒரு சிறு உளியால் ஒட்டிய வரியைத் தேய்த்து மறைத்தார். அப்பா தன் விரல் தழும்பை அவரிடம் காட்டி, ரம்பம் இழுப்பதுபோல் கையை முன்னும் பின்னும் அசைத்தார். அவர் ஒரு கணம் பார்த்தார். தன் கையுறையைக் கழற்றி, கட்டைவிரலுக்குக் கீழே இருந்த வெட்டுத் தழும்பைக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. நன்றாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அவர் உளியை நீட்டி, ஓரமாகக் கிடந்த ஒரு மிச்சத் துண்டைக் காட்டினார். அப்பா உளியை வாங்கவில்லை. கையுறையை மட்டும் கழற்றிவிட்டு உள்ளங்கையை அந்தத் துண்டின் மேல் வைத்தார். எடுத்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். கை காய்ந்திருந்தது.

"தண்ணியே வரலம்மா" என்றார். "என் சட்டை ஒருநாளாச்சும் காஞ்சு நீ பாத்திருக்கியா?"

அவர் அந்த வேலையில் இருந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

விளக்குப் போட்டதும் கழுகு நீலமாயிற்று, பிறகு ஊதா. எங்கள் ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. அப்பா மறுபடி அந்தப் பெண் சிலையின் கூந்தல் பக்கம் போய், ஒவ்வொரு இழையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ரயிலுக்குப் போகலாம் என்றேன். அதையும் விட்டோம்.